கழல மறுக்கும் போல்ட்

ஒரு போல்ட்டை முடுக்க எவ்வளவு விசை பிடித்ததோ, அதைவிடக் குறைந்த விசையிலேயே அதைக் கழற்றிவிடலாம். இயக்கவியலின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்தில் குஷாய்குடா, சர்லபள்ளி, மல்லாப்பூர் பக்கத்துப் பட்டறைகளில், ஆயில் ஒழுகும் காரின் அடியில் படுத்து ஸ்பேனரோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். அவருடைய அனுபவம் நேர்மாறானது: யாரோ ஒரு கையால் போட்ட போல்ட், கழற்றும்போது இரண்டு கைக்கும் அசைந்து கொடுப்பதில்லை. கணக்கும் பொய்யில்லை, அவருடைய அனுபவமும் பொய்யில்லை. போல்ட்டைப் போட்ட நாளுக்கும் கழற்றும் நாளுக்கும் நடுவில் அந்த இணைப்பில் ஏதோ நடந்திருக்கிறது. இல்லாவிட்டால், போட்ட அன்றைக்கே தேவைக்கு மேல் முடுக்கியிருக்கிறார்கள். ஆயில் கசியும் என்ஜினில் கழல மறுக்கும் போல்ட், பெரும்பாலும் அந்தக் கசிவு எப்படி வந்தது அல்லது ஏன் நிற்கவில்லை என்பதற்கான தடயம் என்பதே என் வாதம். அதைப் படித்துப் பார்க்காமல் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி முறிப்பவர், போல்ட்டோடு சேர்த்துத் தடயத்தையும் தொலைத்துவிடுகிறார்.

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளம். திருமலைக்குப் போகும் மலைப்பாதை செங்குத்து ஏற்றத்தை வளைத்து வளைத்து நீட்டிச் சுலபமாக்குவதுபோல, மரையும் ஒரு சுற்றுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வை நீண்ட சரிவாக மாற்றித் தருகிறது. போல்ட்டின் மண்டை பரப்பில் உட்கார்ந்த பிறகும் தொடர்ந்து திருகினால், தண்டு மைக்ரான் கணக்கில் நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் பல கார்களில் 14 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதை 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் முடுக்கினால், அதாவது ஓரடி நீள ஸ்பேனரின் நுனியை ஏறத்தாழ 13 கிலோ விசையில் இழுத்தால், உள்ளே எழும் இழுவிசை சுமார் 14,000 நியூட்டன். ஒரு சின்ன காரை அதில் தொங்கவிடலாம். ஆனால் கை கொடுக்கும் முறுக்கு விசையில் பெரும்பகுதி இந்த இழுப்புக்குப் போய்ச் சேருவதில்லை. பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்குப்படி, 100 பங்கில் 50 பங்கை மண்டைக்கு அடியிலுள்ள உராய்வு விழுங்குகிறது. 40 பங்கை மரைகளுக்குள் நடக்கும் உராய்வு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் 10 பங்குதான் தண்டை நீட்டுகிறது. கழற்றும்போது அந்த 10 பங்கு நம் பக்கம் வந்துவிடுகிறது, ஏனென்றால் நீண்ட தண்டு சரிவில் இறங்கத்தான் பார்க்கும். உராய்வின் 90 பங்கை மட்டும் வென்றால் போதும், அதிலும் 10 பங்கைத் தண்டே தந்துவிடுகிறது, மீதி 80. ஆக, 40 நியூட்டன் மீட்டரில் முடுக்கிய பிளக் 32இல் கழல வேண்டும். அது 100 கேட்கிறது என்றால், அந்த 68 எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆகவேண்டும்.

கழலாத போல்ட் என்றதும் முதல் குற்றவாளி துருதான். இரும்பு துருவாக மாறும்போது, துருவின் வகையைப் பொறுத்து, தன் கன அளவில் இரண்டு முதல் ஆறு மடங்குவரை வீங்குகிறது. மரைகளுக்கு நடுவே அந்த வீக்கத்துக்கு இடமில்லை. எனவே அது பக்கவாட்டில் நெருக்கி ஆப்புபோல் இறுகுகிறது. சென்னையின் எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரையோரம் ஓடிய காரில் இந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்கும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களை நாட்டின் பல இடங்களில் வெயிலிலும் மழையிலும் வைத்து, எங்கே எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று வரைபடமே தயாரித்திருக்கிறது. கடலோரத்தில் வேகம், உள்நாட்டில் மந்தம் என்பது அதில் தெளிவாகத் தெரியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு மிக மெதுவாகவே துருப்பிடிக்கும். உப்பு படிந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே ஆரம்பித்துவிடும். குஷாய்குடாவோ தக்காணப் பீடபூமியின் மேல், கடலிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை மட்டும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தைப் புரட்டிப்போட்ட மழையில், அதிகத் தொலைவில்லாத கட்கேசர் வட்டாரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிச் சேற்றுநீர் புகுந்த வண்டியின் அடிப்பாகத்தில் துரு இருப்பது நியாயம். மற்ற வண்டிகளில், அதுவும் ஆயில் கசியும் இடத்தில், துருவைக் குற்றம்சாட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கசிந்த ஆயில் போல்ட்டின் மேல் படலமாகப் படிந்து நீரையும் காற்றையும் அண்டவிடாமல் வைத்திருக்கும். கசிவு நாள்பட்டதாக இருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் துருவே ஏறாத போல்ட்டுகள் அவையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எண்ணெயில் ஊறிய போல்ட் ஏன் இறுகிக் கிடக்கிறது? கசிவைக் கண்ட முந்தைய கை அதை மேலும் முடுக்கியிருக்கிறது என்பதே பெரும்பாலும் பதில். ஆயில் ஒழுகினால் போல்ட்டை இறுக்கு என்பது உள்ளுணர்வு. தண்ணீர்க் குழாய் சொட்டினால் திருகுவோமே, அந்தப் பழக்கம். ஆனால் என்ஜினில் இந்த உள்ளுணர்வு பெரும்பாலும் தவறு. என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரை எடுத்துக்கொள்வோம். அதன் ரப்பர் பேக்கிங் ஆண்டுக்கணக்கில் 100 பாகை செல்சியஸையொட்டிய வெப்பத்தில் வெந்து கெட்டிப்பட்டுவிடுகிறது. நசுங்கினால் மீண்டு எழும் குணம்தான் கசிவைத் தடுப்பது, அதுவே போய்விடுகிறது. இன்றைய பல கவர்களில் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்கக் கூடாது என்பதற்காகவே போல்ட்டில் ஒரு தோள் வைத்திருப்பார்கள், அல்லது துளைக்குள் ஒரு எஃகுக் குழலைப் பதித்திருப்பார்கள். தோள் உலோகத்தில் போய் முட்டிய பிறகு எவ்வளவு முடுக்கினாலும் ரப்பரின்மேல் ஒரு கிராம் அழுத்தம்கூட ஏறாது. அத்தனை விசையும் தண்டை நீட்டவும் மண்டைக்கடியில் உராயவும் மட்டுமே செலவாகிறது. கசிவு நிற்காது, போல்ட் மட்டும் இறுகும். என்ஜினின் அடியில் ஆயிலைத் தாங்கும் சம்ப்பின் கதை இன்னும் மோசம். தகட்டால் செய்த சம்ப்பின் விளிம்பில் போல்ட்டுகளை அளவுக்கு மேல் முடுக்கினால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு குழிந்து உள்வாங்குகிறது. துளைக்கருகே இறுக்கம் கூட, இரண்டு துளைகளுக்கு நடுவே விளிம்பு எம்பி நிற்கிறது. ஆயில் அந்த நடுப்பகுதி வழியாக வெளியேறும். கசிவை நிறுத்தப் போட்ட திருகலே கசிவுக்கு வழி திறந்துவிடுகிறது. அங்கே கழல மறுக்கும் போல்ட் அந்த வேலை நடந்ததற்குச் சாட்சி.

இதில் ஆயிலுக்கே ஒரு பங்கு உண்டு. மரை காய்ந்திருக்கும்போது ஒரு குறிப்பிட்ட முறுக்கு விசை தரும் இழுவிசை வேறு. மரையில் எண்ணெய் பட்டிருக்கும்போது அதே முறுக்கு விசை தரும் இழுவிசை வேறு. உராய்வு குறைந்தால் அது விழுங்கும் பங்கு குறைகிறது. மிச்சமெல்லாம் தண்டுக்குப் போகிறது. முறுக்கு விசையை இழுவிசையோடு இணைக்கும் குணகத்தைக் காய்ந்த மரைக்கு 0.20 என்றும் எண்ணெய் பட்டதற்கு 0.15 என்றும் கொண்டால், கை உணரும் இறுக்கம் ஒன்றாகவே இருக்க, தண்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கையால் உணரக்கூடியது முறுக்கு விசையை மட்டுமே; போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசையை எந்தக் கையாலும் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் கசிவுள்ள இடத்தில் பழக்கதோசமாக முடுக்குபவர், தான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வரம்பு மீறுகிறார். டிரெயின் பிளக்கில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டுவிட்டு, சொட்டு நிற்கும்வரை முடுக்குவதும் இதே ரகம். அந்த வாஷர் ஒருமுறை நசுங்கி உருமாறிப் பள்ளங்களை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது. நசுங்கி முடிந்ததை மறுபடி நசுக்க முயன்றால் முதலில் தோற்பது வாஷர் அல்ல, அலுமினிய சம்ப்பின் மரை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நேரடியானது: நீளமான பைப் போட்டால் பத்தில் ஒன்பது போல்ட் கழன்றுவிடுகிறது, பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி? பெரிய போல்ட்டுகளைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. சக்கர நட்டுகளையும் சஸ்பென்ஷன் பாகங்களின் போல்ட்டுகளையும் நெம்புகோல் நீளம் காப்பாற்றும். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது. விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒன்றாகிவிடும். சம்ப்பையும் டாப்பெட் கவரையும் பிடித்திருப்பவை பல கார்களில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள், 10 நம்பர் ஸ்பேனர் போடுபவை. அவற்றை முடுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். மண்டையில் 8.8 என்று பொறித்த சாதாரணத் தரத்துப் போல்ட் முறியாமல் தாங்குவதற்கு உத்தரவாதமான அளவு சுமார் 13தான். சரியான அளவுக்கும் முறிவுக்கும் இடையில் இருப்பது அவ்வளவு சின்ன வெளி. 14 சென்டிமீட்டர் நீளமுள்ள ரிங் ஸ்பேனரில் அந்த 13 என்பது ஒன்பதரை கிலோ இழுப்பு. கை அதை உணரும், எச்சரிக்கையாகவும் இருக்கும். அதே ஸ்பேனரில் பைப்பைச் செருகி 60 சென்டிமீட்டர் ஆக்கினால், இரண்டே கால் கிலோ போதும். இரண்டே கால் கிலோவைக் கை ஒரு விசையாகவே மதிக்காது. பைப் போட்டவருக்கு போல்ட் முறியப் போகிறது என்ற செய்தி வந்துசேர்வதற்கு முன்பே மண்டை கையோடு வந்துவிடுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. இம்பாக்ட் கன் வைத்தால் படபடவென்று சில நொடிகளில் எல்லாம் கழன்றுவிடுகிறதே, அதுவும் விசைதானே? அது விசைதான், ஆனால் செயல்படும் விதம் வேறு. 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், நன்றாக முடுக்கிய போல்ட்டுகள் தாமாகவே ஏன் கழல்கின்றன என்பதைச் சோதித்துக் காட்டினார். இணைப்பைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஆட்டினால், யாரும் திருகாமலேயே போல்ட் சுழன்று கழன்றது. உராய்வு எப்போதும் நழுவும் திசைக்கு எதிராகத்தான் நிற்கும். பரப்புகள் பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருக்கும்போது உராய்வின் முழு பலமும் அந்தத் திசையில் செலவாகிவிடும். சுழற்சியைத் தடுக்க அதனிடம் மிச்சம் இருக்காது. சுத்தியலால் போல்ட் மண்டையை நேராகத் தட்டுவதும், கொஞ்சம் முடுக்கிக் கொஞ்சம் தளர்த்தி முன்னும் பின்னும் அசைப்பதும், இம்பாக்ட் கன்னின் அடிகளும் பெருமளவு இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. துருவும் காய்ந்த கசடும் நொறுங்கும் தன்மையுள்ளவை. அவை சீரான இழுப்பைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. ஆக, கன்னின் வெற்றி வலிமைக்கு ஆதரவான சாட்சியம் ஆகாது. தவிர, கசிந்த சம்ப்பின் போல்ட்டுகளை அளவு பார்க்காமல் திரும்பப் போட்டதும் பல இடங்களில் இதே கன்தான்.

துருதான் காரணம் என்று உறுதியானால் எண்ணெயும் பொறுமையும் மருந்து. மெல்லிய எண்ணெய் குறுகிய இடுக்கில் தானாக ஏறும் வேகத்துக்கு 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் வகுத்த விதி, ஊடுருவும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது. இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் மூன்று மரை நனைந்தால், ஆறு மரை நனைய நாற்பது நிமிடம். ஸ்பிரேயை அடித்த கையோடு ஸ்பேனரைப் போடுவதில் பயனில்லை என்பதற்கும், முந்தின நாள் சாயங்காலம் ஊறவிட்டுக் காலையில் கழற்றும் பழைய பட்டறைப் பழக்கம் சரியானது என்பதற்கும் இதுவே விளக்கம். பலரும் கையிலெடுக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாக உண்டு. ஆனால் போல்ட்டின் மரையில் பூட்டுப் பசை தடவியிருந்தால் எந்த எண்ணெயும் ஒன்றும் செய்யாது. அந்தப் பசை காற்றில்லாத இடத்தில் இறுகுவது. அதன் கடினமான வகை சுமார் 250 பாகை சூட்டில்தான் இளகும். அலுமினியத்துக்குள் ஏறிய எஃகு போல்ட்டுக்கும் வெப்பம் உதவும். ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 14 மில்லிமீட்டர் பிளக்கைச் சுற்றி 60 பாகை சூடேறினால், துளை போல்ட்டைவிடக் கிட்டத்தட்ட 9 மைக்ரான் கூடுதலாக அகலும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மரைக்குள் ஆட்டம் ஏற்பட அது கணிசமான உதவி. ஆயிலை வடிக்கும் முன் என்ஜினைக் கொஞ்சம் ஓடவிடுவதில் இந்த ஆதாயமும் இருக்கிறது. நீளமான எஃகு போல்ட் தடிமனான அலுமினியப் பாகத்தை ஊடுருவிப் பிடிக்கும் இடத்தில் மட்டும் சூடு எதிராக வேலை செய்யும்: அலுமினியம் நீளவாக்கிலும் விரிந்து போல்ட்டை மேலும் இழுக்கும். அங்கே ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். கேஸ் டார்ச்சை ஆயிலும் பெட்ரோல் குழாயும் இருக்கும் அடிப்பாகத்துக்குக் கொண்டுபோவதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிப்பதற்கு ஆய்வகம் வேண்டாம், போல்ட்டே சொல்லும். செம்பழுப்புப் பொடி இரும்பின் துரு, வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு, மரையின் வாயில் காய்ந்த சிவப்போ நீலமோ தெரிந்தால் பசை. மண்டையின் மூலைகள் மழுங்கி, சுற்றியுள்ள பெயின்ட் வளையமாகச் சுரண்டப்பட்டிருந்தால் முன்பே ஒருவர் முரட்டுத்தனமாக முடுக்கியிருக்கிறார். அதற்கு ஓப்பன் ஸ்பேனர் கூடாது. அது இரண்டு முகங்களை மட்டும் பிடித்து மூலையை வழித்துவிடும். ஆறு மூலை சாக்கெட் நன்றாக உட்கார வேண்டும். பிறகு கூர்ந்து கேட்க வேண்டும். டக்கென்று ஒரு சத்தத்தோடு விடுபட்டு அதன்பின் விரலாலேயே சுழல்கிறது என்றால், பிடித்திருந்தது மண்டைக்கடி உராய்வு; அதிகமாக முடுக்கியதன் அடையாளம். கிறீச்சென்று முனகிக்கொண்டே ஒவ்வொரு சுற்றும் கனமாக வந்தால் மரைக்குள் துரு. அங்கே கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே ஓட்டி, மறுபடி தளர்த்த வேண்டும். சத்தமே இல்லாமல், ஸ்பேனர் மட்டும் மெத்தென்று நகர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். அங்கே போல்ட் கழலவில்லை, தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது.

கஸ்டமர் வாசலில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் பட்டறையின் வருமானம் வண்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆனால் என்ஜின் பிளாக்கில் முறிந்த ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட்டை நடுவில் துளையிட்டு, உள்ளே மிச்சமுள்ளதை எடுத்து, மரை கெட்டிருந்தால் புது மரைச்சுருள் போடுவதற்குள் பாதிநாள் போய்விடும். லேத் பட்டறைகள் நிறைந்த குஷாய்குடா தொழிற்பேட்டையில் இதற்குக் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள் என்பது, முறிப்பதற்கான உரிமம் ஆகாது. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்முனை வாதத்தையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். அந்தக் கருவியும் அளப்பது முறுக்கைத்தான். மரையின் நிலையைப் பொறுத்து உள்ளே எழும் இழுவிசை 25 முதல் 30 சதவீதம்வரை கூடக் குறைய இருக்கலாம். ஆனால் மரையைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்தினால், எண்ணெய்க் கையால் கொடுக்கும் கடைசி அழுத்தத்தைவிட அது பலமடங்கு நம்பகமானது. 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டுக்குச் சக்கர நட்டு முடுக்கும் பெரிய ரெஞ்சை எடுக்கக் கூடாது. அதன் அளவுகோலின் அடிப்பகுதியில் நம்பகம் இருக்காது.

எல்லா போல்ட்டும் கழன்ற பிறகு, எது எது எவ்வளவு இறுக்கமாக வந்தது என்பதைச் சம்ப்பின் மேலேயே சாக்பீஸால் குறித்துவைத்துக்கொள்ளலாம். அதிகமாக முரண்டு பிடித்தவற்றின் அருகே விளிம்பில் நேர்கோலை வைத்துப் பார்த்தால் துளையைச் சுற்றிய குழிவு கண்ணுக்குத் தெரியும். குழிவை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டிச் சமன்செய்யாமல் புது பேக்கிங் போட்டால் அதுவும் ஒழுகும். விளிம்பு நேராக இருந்து, போல்ட்டுகளும் 40க்கு 32 என்ற நியாயமான கணக்கில் கழன்றிருந்தால் கசிவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். கிராங்க் அறையின் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைபட்டிருந்தால், உள்ளே ஏறும் அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். அந்த வால்வைச் சுத்தம் செய்யாமல் பேக்கிங் மாற்றிப் பலனில்லை. திரும்பப் பூட்டும்போது இரு பரப்பிலும் பழைய சிலிகானைச் சுரண்டி, மரைகளை ஆயில் போகத் துடைத்து, போல்ட்டுகளை முதலில் கையால் ஓட்டி, நடுவிலிருந்து வெளிநோக்கி எதிரெதிராக இரண்டு சுற்றில் முடுக்க வேண்டும். சிலிகான் பசை போட்டிருந்தால், அதன் டியூபில் எழுதியிருக்கும் நேரம்வரை ஆயில் ஊற்றக் கூடாது.